எழுதாத டிரிப் ஷீட்

துலாமழை தொடங்குமுன் போய்விட வேண்டும்,
தொடங்கிவிட்டால் மதியம் மூன்றுக்குள் திரும்பிவிட வேண்டும்.
இதில்தான் முதல் சண்டை.

மூணு மணிக்கு வேளிமலைப் பக்கம் கறுக்கும்,
மூணரைக்கு இடி, நாலுக்கு ரோடு தெரியாது
என்கிறார் ஜஸ்டஸ்.
இருபத்திரண்டு வருடமாக
நாகர்கோவில் – திருவனந்தபுரம் பஸ் ஓட்டுகிறவர்.
மேகத்தையும் டைம் கீப்பர் கண்ணால்தான் பார்ப்பார்.

அவர் பெட்டியிலிருந்து
எழுதாத டிரிப் ஷீட் ஒன்றை உருவி
சாப்பாட்டு மேசையில் விரித்திருக்கிறேன்.
சாளைக் குழம்புச் சட்டி வைத்த வட்டம் ஒன்று
குளச்சலை எழுத வேண்டிய கட்டத்தில்
ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

புறப்படும் இடம்: தக்கலை.
நேரம்: ஐந்து நாற்பத்தேழு என்கிறார்.
பஸ்ஸா ஓட்டப்போறோம், அதென்ன ஏழு?
சிரிக்கவில்லை. ஐந்தே முக்கால் என்று எழுதினேன்.
இரண்டு நிமிடம் பறிபோன முகத்தோடு
பழத்தை உரித்தார்.

முட்டத்துச் செம்மண் மேட்டில் காலை வெயில்,
குளச்சலில் சாயா,
தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலோடு மல்லுக்கு நிற்கும் வாய்,
பாலம் தாண்டித் தூத்தூர், வள்ளவிளை, நீரோடி,
அப்புறம் அந்தப் பக்கம்:
பொழியூர், பூவார், விழிஞ்ஞம்.
எழுத எழுத அவர்
ஒவ்வோர் ஊரையும் முதன்முதலாகக் கேட்பவர்போல
வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

யோசித்தால் அதுதான் உண்மை.
அவர் ஓட்டிய தூரமெல்லாம்
பத்துக் கிலோமீட்டர் தள்ளி, தென்னைகளுக்குப் பின்னால்
கடலும் கூடவே வந்திருக்கிறது.
ஒரு ஸ்டாப்பிலும் கைகாட்டவில்லை.
அவரும் நிறுத்தவில்லை.

எல்லை என்றால் அவருக்குக்
களியக்காவிளை நெரிசல்,
ஒரு நீள ஹாரன், இரண்டாம் கியர்.
நீரோடியில அது எப்படி இருக்கும் என்று கேட்டார்.

ஸ்டெல்லா பிந்து கல்யாணத்துக்குப் போனபோது பார்த்ததைச் சொன்னேன்:
ஒரு வள்ளத்தின் மூக்கில் தமிழ்,
பக்கத்து வள்ளத்தில் மலையாளம்.
ஈர வலையின் இரு முனையை இரண்டு பேர் பிடித்து உதறினார்கள்.
எந்தக் கை எந்த மாநிலம் என்று தெரியவில்லை.
என் போன் மட்டும்
அங்கும் இங்கும் வரவேற்று வரவேற்றுக்
களைத்துப்போயிற்று.

"அங்க ரோட்டைக் கடல் கொண்டு போச்சுன்னு
டிப்போவுல வின்சென்ட் சொன்னான்.
சுத்தித்தான் போகணும்."
சுத்துவோம்.
"எவ்வளவு நேரம் ஆகும்?"
தெரியாது.
தெரியாது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
இருவரும் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓட்டுநர் பெயர் என்ற இடத்தை
நான் நிரப்பவில்லை.
ஆவணியில்தான் எனக்கு லைசென்ஸ் வந்தது.
போன ஞாயிறு பழைய மாருதியில்
பத்மநாபபுரம் வளைவுவரை ஓட்டினேன்.
பக்கத்து இருக்கையில் அவர்,
கை தொடைமேல் சமத்தாக,
வலது கால் மட்டும்
அங்கே இல்லாத பிரேக்கை
நான்குமுறை மிதித்தது.
எண்ணினேன்.
சொல்லவில்லை.

கேரளாவுக்குள் போனால் அடுத்த மாதத்துப் பெயர் மாறுமே
என்று சும்மா சொல்லி வைத்தேன்.
அடுக்களைக் காலண்டரைக் காட்டினார்.
ஐப்பசியும் துலாமும்
ஒரே தாளில், ஒரே ஆணியில்.
"நாம இங்க இருந்தே ரெண்டுலயும் இருக்கோம்,
பிறகு பெட்ரோல் எதுக்கு?"
சண்டை மறுபடி முதலிலிருந்து.

காலையில் அவர் டியூட்டிக்குப் போன பிறகு பார்த்தேன்.
நீரோடி வரியில்
நிறுத்தம் பத்து நிமிடம் என்று எழுதி,
அடித்து, முப்பது எழுதி,
அதையும் அடித்திருந்தார்.
மேலே, ஓட்டுநர் பெயர்: ரெஜினாள்,
பேட்ஜ் எண்ணுக்கு ஒரு கோடு.
புறப்படும் நேரத்தை மட்டும்
ஐந்து நாற்பத்தேழு என்று
திருத்தி வைத்திருந்தார்.